ஹோம்பேஜில் அவன் முகம்

என் நாற்காலியில் இனி உட்காரப்போகும் பங்காளிகளே,

இருபத்தாறு வயதில் ஒருவன் ஓய்வு பெறுகிறேன் என்று எழுதினால் சிரிப்பு வரும். சிரித்து முடித்துவிட்டே வாருங்கள். கொடைக்கானலில் நாலு சீசன் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்த்தவனுக்கு அது முழு சர்வீஸ்தான். பென்ஷன் ஒன்றுதான் வரவில்லை. அடுத்த வாரம் பெங்களூரில் ஒரு கம்பெனியில் சேர்கிறேன். கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு, லிஃப்டில் ஏறி, அடுத்தவன் ப்ரவுசரைப் பற்றிக் கவலையே இல்லாமல் காபி குடிக்கப்போகிறேன். போவதற்கு முன்னால் புதுப் பசங்களுக்கு நாலு வார்த்தை டைப் பண்ணி வைத்துவிட்டுப் போ என்று கடை ஓனர் சொன்னார். கஸ்டமர் வருவதற்குள் அடித்து முடிக்க வேண்டும். எழுத்துப் பிழை இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

ஸ்பைவேர் எடுக்கிற சிடி டிராயரில் கிடக்கிறது. எதை முதலில் ஓட்டுவது, எதை அப்புறம் ஓட்டுவது என்பதெல்லாம் ரெண்டு நாளில் கைக்கு வந்துவிடும். அதைப் பற்றி ஒரு வரி எழுதப்போவதில்லை. மெஷினுக்குள் இருக்கிற சனியனை எடுப்பது சுலபம். மெஷினைச் சுற்றி நிற்கிற ஆட்கள் இருக்கிறார்களே, ஆளுக்கொரு பெயரைச் சொல்லி, "அவன்தான் பண்ணியிருப்பான்" என்று நம் முகத்தையே பார்த்துக்கொண்டு, அவர்கள் நடுவில் வாயை எப்போது திறப்பது என்பதுதான் இந்தத் தொழில்.

இதில் ஒருவன் வருவான். பெயர் எழுத மாட்டேன். அவன் பெயரை ஊருக்குள் ஓசியில் பரப்ப நான் என்ன அவன் அடித்த நோட்டீஸா. ஏழு ரோட்டுப் பக்கம் கடை வைத்திருக்கிறானே, அவன்தான். என் வயதுதான். காலேஜில் ரெண்டாம் வருஷத்தோடு நின்றவன். நான் திண்டுக்கல்லில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ், முதல் வகுப்பு. ஆனால் அவன் இந்த மலையிலேயே பிறந்து கான்வென்டில் படித்தவன். இங்கிலீஷ் அவன் வாயில் பஞ்சு மிட்டாய் மாதிரி கரையும். சர்ச் கொயரில் கிடார் வாசிப்பான். யாரோ வெள்ளைக்காரன் கொடுத்துவிட்டுப் போன லெதர் ஜாக்கெட் போட்டுக்கொண்டு பைக்கில் வந்து இறங்குவான். கன்னிவாடியிலிருந்து மலையேறி வந்த நான் மங்கி குல்லாவும் மப்ளரும் சுற்றிக்கொண்டு, மூக்கு ஒழுக, பஸ்ஸில் போய் இறங்குவேன். டிகிரி என்னிடம். கஸ்டமர் எல்லாம் அவனிடம். எனக்கு எரியாமல் யாருக்கு எரியும்.

எரிகிற இடத்தில் எண்ணெய் ஊற்றியது நம் தொழிலில் இருக்கிற ஒரு வழக்கம். உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஒரு காட்டேஜில் ப்ரவுசரைச் சுத்தம் பண்ணினால், கிளம்பும்போது அதன் ஹோம்பேஜாக நம் கடையின் வெப் பக்கத்தை வைத்துவிட்டு வருவோம். இதற்குக் கையெழுத்துப் போடுவது என்று பெயர். கஸ்டமர் நெட்டைத் திறந்தவுடன் நம் கடைப் பெயரும் செல் நம்பரும் வர வேண்டும். அடுத்த முறை கோளாறு வந்தால் நம்மைக் கூப்பிட வேண்டும். என் பக்கத்தில் கடைப் பெயரும் நம்பரும் மட்டும் இருக்கும். அவன் பக்கத்தில் பனி நகரும். பனிக்குப் பின்னால் ஏரி. ஏரிக்கு முன்னால் ஜாக்கெட்டோடு அவன், கையைக் கட்டிக்கொண்டு. நான் எந்த காட்டேஜுக்குப் போய் எந்த மெஷினைத் திறந்தாலும் முதலில் அந்த மூஞ்சியைப் பார்த்துவிட்டுத்தான் வேலை ஆரம்பிக்க வேண்டும். அவன் பக்கத்தின் அடியில் எத்தனை பேர் வந்தார்கள் என்று ஒரு எண் ஓடும். காலையில் வெள்ளனே எழுந்து பல் விளக்குவதற்கு முன்னால் அதைத்தான் பார்ப்பேன். நான் பார்ப்பதாலேயே அது ஒன்று கூடும் என்பது மூன்றாவது மாதம்தான் உறைத்தது. அதற்கப்புறமும் பார்த்தேன்.

ரெண்டாவது சீசன் ஆரம்பம். ஏரிக்கு மேலே மூன்று காட்டேஜ் வைத்திருந்த முத்தையா முதலாளி எனக்குப் போன் பண்ணினார். வத்தலக்குண்டுக்காரர். வாழைக்காய் மண்டியில் சம்பாதித்து மலைமேல் கட்டியவர். காட்டேஜ் ஓனர்கள் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். அவர் ஒருவனை வேண்டாம் என்றால் ஏரியைச் சுற்றி ஒரு ரிசப்ஷனிலும் அவனுக்கு வேலை கிடையாது. அதுவரை அவருடைய மூன்று மெஷினும் அவன் கையில் இருந்தது. அவனை விட்டுவிட்டு என்னைக் கூப்பிடுகிறார் என்றதும், குல்லாவைக்கூடக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டுதான் போனேன்.

போனவுடன் விஷயத்தைச் சொன்னார். ரிசப்ஷன் மெஷினில் கொடைக்கானல் காட்டேஜ் என்று தட்டினால் போதும், ஊட்டி ஓட்டல் ஒன்று தனி ஜன்னலில் குதித்து வருகிறது. மூடினால் இன்னொன்று. ரோஜாப்பூ, குட்டி ரயில், சலுகை விலை. முந்தின நாள் மெயில் பார்க்க உட்கார்ந்த ஒரு மதுரைக் குடும்பம் இதைப் பார்த்துவிட்டு, இன்னும் ரெண்டு நாள் தங்க வேண்டியவர்கள், ரூமைக் காலி பண்ணிவிட்டு ஊட்டிக்கே போய்விட்டார்கள். நம் ஊர்க்காரர்களிடம் வேறு எதை வேண்டுமானாலும் சொல்லலாம், ஊட்டியைச் சொல்லக்கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். முதலாளி ரெண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

அவரிடம் தீர்ப்பும் தயாராக இருந்தது. "நெட்டத் தொறந்தா மொதல்ல எவன் மூஞ்சி வருது? அவன் மூஞ்சி. அதுக்குப் பின்னாடியே எது வருது? ஊட்டி. அவன் அங்கன கமிஷன் வாங்கிட்டு நம்மாளுகளத் தள்ளி விடுறான் தம்பி. சாயங்காலம் சங்கத்துக் கூட்டம். அதுக்குள்ள நீ பாத்துச் சொல்லு."

எனக்கு உள்ளே பட்டாசு வெடித்தது. முகத்தை மட்டும் டாக்டர் மாதிரி வைத்துக்கொண்டேன்.

மெஷினில் உட்கார்ந்திருந்தது புஷ்பராணி. ரிசப்ஷனிஸ்ட். அவள் அப்பா அம்மா சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலில் திரும்பி வந்தவர்கள். பக்கத்துக் கிராமம் பள்ளங்கியில் கேரட் காட்டில் கூலி வேலை. வீட்டில் மாதச் சம்பளம் என்று ஒன்று வருவது இவளுக்கு மட்டும்தான். அவள் எழுந்து எனக்கு நாற்காலியைத் தள்ளிவிட்டுப் பக்கத்தில் நின்றாள்.

திறந்தேன். பனி நகர்ந்தது. அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ஹோம்பேஜை மாற்றி வெறும் பக்கமாக வைத்தேன். மூடித் திறந்தேன். திரும்பவும் பனி, திரும்பவும் அவன். இன்னொரு முறை மாற்றினேன். என் கண் முன்னாலேயே அந்த அட்ரஸ் அழிந்து அவன் அட்ரஸ் வந்து உட்கார்ந்தது. தோண்டிப் பார்த்தால் அவன் பெயர் போட்ட ஒரு புரோகிராம் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தப் போனால் பாஸ்வேர்டு கேட்டது. துரத்தினாலும் திரும்பி வருகிறது, ஒளிந்து ஓடுகிறது, கையை வைக்க விடமாட்டேன் என்கிறது. ஸ்பைவேருக்கு என்னென்ன லட்சணம் சொல்லுவோமோ அத்தனையும் இருந்தது. பின்னால் நின்ற முதலாளி இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்ன, அவந்தானே?"

பங்காளிகளா, இந்த இடத்தில் நின்று கேளுங்கள். கஸ்டமர் ஒரு பெயரைச் சொல்கிறார். அந்தப் பெயர் உங்களுக்கு இனிக்கிறது. அப்படி இனித்தால் உடனே டீ கேளுங்கள். குடிக்கிறீர்களோ இல்லையோ, கேளுங்கள். டீ வரும்வரைக்கும் யாரும் உங்களிடம் பதில் கேட்க மாட்டார்கள். நான் அன்றைக்கு டீ கேட்டது நல்ல புத்தியால் இல்லை. அவன் மாட்டிக்கொண்டதைக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து அனுபவிக்க வேண்டும் என்றுதான் கேட்டேன்.

அனுபவிக்க விடவில்லை. முதலாளி டீ சொல்லப் போனதும் ஒரு கேள்வி வந்து முன்னால் நின்றது. ஊட்டி எப்போதிலிருந்து வருகிறது என்று புஷ்பராணியிடம் கேட்டேன். ரெண்டு வாரமாகத்தான் என்றாள். அவன் கையெழுத்து போன சீசனிலிருந்தே அங்கே இருக்கிறது. அவன் ஊட்டிக்கு ஆள் தள்ளுகிறவன் என்றால் ஒரு வருடம் எதற்குச் சும்மா இருந்தான்? அவன் புரோகிராமைத் திரும்பவும் பார்த்தேன். அது வேறு எதையும் செய்யவில்லை. ஹோம்பேஜை யார் மாற்றினாலும் பழையபடி வைக்கும். அவ்வளவுதான். அது ஒரு பூட்டு. வெளியிலிருந்து வருகிற சனியன் ஹோம்பேஜைத் தூக்கிக்கொண்டு போகாமல் இருக்கப் போட்ட பூட்டு. எனக்கு இந்த யோசனை ஏன் வரவில்லை என்று அதற்கும் ஒரு பொறாமை வந்தது.

அப்போது போன் அடித்தது. சென்னையிலிருந்து யாரோ. கொடைக்கானலில் இப்போது எத்தனை டிகிரி, குழந்தைக்கு ஸ்வெட்டர் வேண்டுமா என்று கேட்டிருப்பார்கள் போல. புஷ்பராணி திரையின் மூலையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இருபத்தொண்ணு மேடம், ஸ்வெட்டர் கொண்டாங்க என்றாள். நானும் பார்த்தேன். கடிகாரத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு தெர்மாமீட்டர் படம். அதில் முப்பத்தெட்டு என்று இருந்தது.

"முப்பத்தெட்டுன்னு காட்டுது. நீங்க இருபத்தொண்ணுங்கிறீங்க?"

"அதுல கொடைக்கானல் இல்ல அண்ணே. மதுர மட்டும்தான் இருக்கு. மதுரயப் பாதியாக்கி அதோட ரெண்டு கூட்டிச் சொல்லுவேன். ஓரளவுக்குச் சரியாத்தான் இருக்கும்."

கஸ்டமர் வெதர் கேட்டால் உடனே சொல்ல வேண்டும் என்று முதலாளி சொன்னதால் ரெண்டு வாரம் முன்னால் ஓசியில் இறக்கியதாம். சிரிப்பு வந்தது, அடுத்த நொடி நின்றது. ஓசியில் வெயில் சொல்கிற சாமான் வாலில் எதைக் கட்டி இழுத்துக்கொண்டு வரும் என்று எனக்குத் தெரியும். நாம் தட்டுவதையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து படித்து, அதற்கு ஏற்ற மாதிரி விளம்பரத்தை மூஞ்சியில் எறிகிற ஆட்வேர். மலை, காட்டேஜ் என்று தட்டினால் அதற்குக் காசு கொடுத்தவன் ஊட்டிக்காரன். அவ்வளவுதான் கதை. தெர்மாமீட்டரை நிறுத்திவிட்டு, மெஷினை அணைத்துப் போட்டு, கொடைக்கானல் காட்டேஜ் என்று தட்டினேன். கொடைக்கானல் மட்டும் வந்தது. திரும்பத் தட்டினேன். ஊட்டி வரவில்லை.

டீயும் முதலாளியும் ஒன்றாக வந்தார்கள். அவர் கையில் செல்போன். சங்கத் தலைவருக்குப் போட்டுவிட்டார், மணி அடித்துக்கொண்டிருக்கிறது. என்னைப் பார்த்து, ஒரு வார்த்தை சொல்லு, இந்த மூணு காட்டேஜும் இனி உன்கிட்டத்தான், மற்றவர்களிடமும் சொல்லுகிறேன் என்றார்.

என் நிலைமையைப் பாருங்கள். ஆமாம் என்றால் அவன் ஏரிப் பக்கமே தலைகாட்ட முடியாது. சீசன் என் கையில். காலையில் எவன் மூஞ்சியையும் பார்க்க வேண்டாம். யாரும் என்னைத் தப்பு சொல்லவும் முடியாது, மாற்றினாலும் மாற்றினாலும் அவன் முகம் வந்ததை அவரே பார்த்திருக்கிறார். இல்லை என்றால் அடுத்த கேள்வி, பின்னே யாரு. அதற்குப் பதில் என் பக்கத்தில் ஸ்வெட்டர் பட்டனைத் திருகிக்கொண்டு நிற்கிறது. ஊட்டி வராமல் போனதை அவளும் பார்த்துவிட்டாள். எதைத் தொட்டு நிறுத்தினேன் என்பதையும் பார்த்துவிட்டாள். உண்மையைச் சொன்னால் எனக்குப் பிடிக்காதவன் பிழைப்பான், ஒரு பாவமும் அறியாதவள் வேலை போகும். பொய் சொன்னால் அவளும் பிழைப்பாள், நானும் பிழைப்பேன். இவ்வளவு வசதியான பொய் என் வாழ்க்கையில் திரும்ப அமையவில்லை.

அதைச் சொல்லாததற்கு நான் புத்தன் என்று காரணம் தேடாதீர்கள். எனக்குத் தோன்றியது இதுதான்: நான் அவனை ஜெயிக்க வேண்டும். ஒரு தெர்மாமீட்டர் அவனை ஜெயித்ததை நான் ஜெயித்ததாகச் சொல்லிக்கொண்டு அலைய முடியாது.

"அவன் இல்லைங்க முதலாளி. போன வைங்க."

அவர் வைக்கவில்லை. "பெறகு யாரு?"

"கஸ்டமர் வெதர் கேட்டா உடனே சொல்லணும்னு சொன்னது யாருங்க?"

"நாந்தான் சொன்னேன். அதுக்கென்ன?"

"அதச் சொல்றதுக்குன்னு போட்ட ஓசி சாமான்தாங்க ஊட்டியக் கூட்டிட்டு வந்திருக்கு. அவன் போட்டது பூட்டு. இது அந்தப் பூட்டத் தொடாம ஜன்னல் வழியா வந்துருச்சு."

அவர் மெதுவாகப் புஷ்பராணி பக்கம் திரும்பினார். அவர் கேட்பதற்குக்கூட விடவில்லை. அவளே பேசிவிட்டாள்.

"போன்ல கேக்கிறவங்கள பொறுங்கன்னு சொல்லக்கூடாதுன்னு சொன்னீங்க மொதலாளி. நான் அதுக்காக ஒவ்வொரு வாட்டியும் வெளிய ஓடிப்போயா மானத்தப் பாத்துட்டு வர்றது? இது இப்பிடிச் செய்யும்னு எனக்கு விளங்கல."

நான் அந்த இடைவெளியில் நுழைந்தேன். இதே தெர்மாமீட்டர் எங்கள் கடைக் கல்லா மெஷினிலும் இருந்தது, போன மாதம்தான் எடுத்தேன், ஏரி ரோட்டில் இன்னும் எத்தனையோ ரிசப்ஷனில் கிடக்கிறது, அங்கேயும் டூரிஸ்ட் கேட்கிற முதல் கேள்வி இதுதான், இதைப் போட்டவர்களையெல்லாம் வேலையை விட்டுத் துரத்தினால் சீசனில் போன் எடுக்க ஆள் இருக்காது என்றேன். இதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. முதலாளி போனைக் காதில் வைத்து, தலைவரிடம் ஒன்றுமில்லை, சும்மாதான், பெறகு பேசுறேன் என்றார். அவளைப் பார்த்து, இனிமேல் எதைப் போட்டாலும் கேட்டுவிட்டுப் போடு என்று மட்டும் சொன்னார். அவள் தலையாட்டினாள். பட்டன் கையோடு வந்துவிட்டிருந்தது.

இத்தோடு முடிந்திருந்தால் நான் கதாநாயகன். முடியவில்லை. அந்தச் சனியனை வேரோடு எடுக்க ப்ரவுசரையே அழித்துப் புதிதாகப் போட வேண்டும். அவன் பூட்டு ஓடிக்கொண்டிருக்கும்வரை அது நடக்காது. பாஸ்வேர்டு அவனிடம். நானே என் செல்லிலிருந்து, எனக்கு மனப்பாடமான அந்த நம்பரைத் தட்டி, அவனைக் கூப்பிட வேண்டியதாகிவிட்டது.

வந்தான். வெரசாக வந்தான். எனக்குத்தான் ஏறுவதற்கு பஸ் வேண்டும். முதலாளி வாசலிலேயே பிடித்து நடந்ததையெல்லாம் சொன்னார். சங்கத் தலைவருக்குப் போன் போட்டதையும் விடவில்லை. அவன் உள்ளே வந்து, நான் பார்க்காதபடி தோளைத் திருப்பிக்கொண்டு பாஸ்வேர்டு தட்டினான். மீதி வேலையை ரெண்டு பேரும் ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதி உட்கார்ந்து முடித்தோம். இடையில் ஒரு முறை, தெர்மாமீட்டர் என்று எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டான். டீ கேட்டதால் என்றேன். நக்கலடிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டான்.

முதலாளி கணக்கு வேறு மாதிரிப் போட்டார். அந்தப் பூட்டு இருந்ததால்தான் பாதி வீடாவது தப்பித்தது. அப்படிப்பட்ட ஆளைப் போய்ச் சந்தேகப்பட்டுவிட்டோமே. மூன்று காட்டேஜும் அவனிடமே இருக்கட்டும் என்றார். அவனிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரித் தோளைத் தட்டினார். எனக்கு அந்த வருஷத்து முதல் பிளம்ஸ் ஒரு பை நிறையக் கொடுத்தார். நல்ல பையன் என்றார். நல்ல பையன் என்று யாராவது சொன்னால் வேலை வேறொருவனுக்குப் போய்விட்டது என்று அர்த்தம். இதையும் தொழில் பாடமாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

வெளியே போர்ட்டிகோவில் அவன் பைக்கை எடுத்துக்கொண்டிருந்தான். நான் பையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடக்க ஆரம்பித்தேன். பின்னாலேயே வந்து பக்கத்தில் நிறுத்தினான். நன்றி சொல்வான் என்று நினைத்தேன். அதை இங்கிலீஷில் சொல்வான், பதில் சொல்ல எனக்கு வார்த்தை வராது என்று அதற்கும் சேர்த்துக் கடுப்பாகிக்கொண்டிருந்தேன்.

தமிழில்தான் சொன்னான்.

"எலே, ஒன் எடத்துல நான் இருந்திருந்தா, நீதான்னு சொல்லியிருப்பேன்."

சிரிக்கவில்லை. கண்ணைப் பார்த்துத்தான் சொன்னான். மாட்டிவிடலாமா என்று நான் அவன் விஷயத்தில் எத்தனையோ முறை நினைத்ததை, ஒருவரிடமும் சொல்லாததை, அவன் என்னிடமே, நேருக்கு நேர், இவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டான். இதையும் அவன்தான் முதலில் செய்ய வேண்டுமா என்று எனக்கு வயிறு எரிந்தது.

ஏறு, பஸ் ஸ்டாண்டில் விடுகிறேன் என்றான். வேண்டாம் என்றேன். பையை எட்டிப் பார்த்து, ஒண்ணு குடு என்றான். கொடுக்கவில்லை. அவன் வளைவு திரும்பிப் போகும்வரை நின்றுவிட்டு, முழுப் பையையும் வழியெல்லாம் தனியாகத் தின்றேன். பழுக்காத பிளம்ஸ். பல் கூசிப்போய் ராத்திரி சோறு இறங்கவில்லை.